பத்திரிகை அடிக்கும் முன்: அச்செழுத்து பற்றிப் பயனுள்ள குறிப்புகள்

வைகாசியும் ஆவணியும் பிறந்துவிட்டால் பரமக்குடி டிடிபி கடைகளில் நிற்க இடம் இருக்காது. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அட்டை என்ன கனம், ஃபாயில் போட்டால் எவ்வளவு கூடும், சிவகாசியில் அடித்தால் எவ்வளவு மிச்சம் என்று பைசா சுத்தமாகப் பேசுகிற நாம், "என்ன ஃபாண்ட்ணே போடட்டும்?" என்று கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற தம்பி கேட்டால் மட்டும் "நல்லாருக்கிறதாப் பார்த்துப் போடுப்பா" என்று நகர்ந்துவிடுகிறோம். அவருக்கோ வரிசையில் இன்னும் பத்துப் பேர். எந்த எழுத்து முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் விழும்.

அச்சகத்துப் பழைய எழுத்து என்று நாம் ஒதுக்குகிற எழுத்துக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன், ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல. எங்கே போடலாம், எங்கே போட்டால் மொத்தமும் பாழ் என்பதுதான் கீழே.

1. முதலில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் டைம்ஸ் நியூ ரோமன் போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் சின்னக் கால் இருக்கும். கோட்டில் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெல்லியதாகவும் போகும். அந்தக் காலைத்தான் செரிஃப் என்கிறார்கள். தமிழ் எழுத்துக்கு அந்தக் கால் கிடையாது. ஆனால் தடிப்பும் மெலிவும் உண்டு. பழைய நாவல், பஞ்சாங்கம், பாடப்புத்தகம் எதையாவது எடுத்து 'ட', 'ப', 'ம' எழுத்துகளைப் பாருங்கள். நிற்கிற கோடும் படுத்த கோடும் ஒரே கனத்தில் இருக்காது. வளைவில் கனம் கூடிக் குறையும். அதுவே நம்முடைய செரிஃப் என்று வைத்துக்கொள்ளலாம். போனில் வருகிற தமிழைப் பாருங்கள், முழுக்க ஒரே கனம். ஓலையில் எழுத்தாணி கீறியதும் ஒரே கனக் கோடுதான் என்பதால், போன் எழுத்துதான் ஒருவகையில் தாத்தா எழுத்து. தடிப்பு மெலிவு நிலைபெற்றது பேனாவும் ஈய எழுத்தும் வந்த பிறகு.

2. கைக்கு அருகில் வைத்துப் படிப்பதற்கு தடிப்பு மெலிவு எழுத்து. தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒரே கனம். கல்யாணப் பத்திரிகை, வரலாற்று மலர், வீட்டுப் பெரியவர் எழுதிய கவிதைத் தொகுப்பு எல்லாம் முதல் வகை. ஃபிளெக்ஸ், கடைப் பலகை, கல்வெட்டு, பை எல்லாம் இரண்டாம் வகை. வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

3. கல்யாணப் பத்திரிகையில் அலங்கார எழுத்து இரண்டு பெயருக்கு மட்டும். மணமகன், மணமகள் பெயரைச் சுழியும் வாலுமாக எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்குகிற பத்தியை அப்படிப் போட்டால், பத்திரிகையை வாங்குகிற பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கடைசியில் "எந்த மண்டபம்னு சொல்லிரு" என்று வாயால்தான் கேட்பார். பத்திக்கு 12 புள்ளி அளவுக்குக் கீழே போகவேண்டாம். 72 புள்ளி ஓர் அங்குலம் என்பது கணக்கு. பத்திரிகை போகிற வீடுகளில் வயதானவர்கள் அதிகம் என்றால் 14. நாள், நேரம், மண்டபம் மூன்றும் அதைவிட ஒரு படி பெரிதாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். பெரும்பாலும் படிக்கப்படுவது அந்த மூன்றுதான். சித்தப்பா வரிசை, மாமா வரிசை எல்லாம் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் வருகிற சண்டைக்கு எந்த ஃபாண்டாலும் பரிகாரம் இல்லை.

4. பெரிய எழுத்தைச் சுருக்கிச் சின்ன எழுத்தாக்காதீர்கள். இடம் போதவில்லை என்றதும் தலைப்புக்கு எடுத்த எழுத்தையே 8 புள்ளிக்கு இறக்கிவிடுகிறார்கள். மெல்லிய கோடு மறையும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். இந்தத் தொல்லை தமிழ் அச்சுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. முத்துக்குளித்துறையில் இருந்த என்ரிக்கே என்ரிக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானபோது அது 16 பக்கச் சிறு புத்தகம், அதனால் சமாளித்தார்கள். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் ரொம்பப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அப்படியே அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்று சீகன்பால்கு குழுவினர் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் சிறிய அளவுக்கென்றே தெளிவான எழுத்துகளை உருவாக்கினார். 1862-ல் வந்த வின்ஸ்லோ அகராதியின் நெருக்கமான பக்கங்கள் அங்கே அச்சானவை. சின்ன எழுத்து என்பது சின்னதாகவே வரையப்பட்ட எழுத்து. ஆகவே இடம் போதாவிட்டால் எழுத்தைக் குறைக்காமல் வாசகத்தைக் குறையுங்கள். 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ' ஒரு முறை வந்தால் போதும்.

5. வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். தமிழில் 'கி', 'கீ' மேலே கொடி கட்டும். 'து', 'ஞு', 'ரூ' கீழே கால் நீட்டும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் தமிழை ஓட்டினால் மேல்வரிக் காலும் கீழ்வரிக் கொடியும் முட்டிக்கொள்ளும். எழுத்து 12 புள்ளி என்றால் வரி 17, 18 புள்ளி என்று கேளுங்கள்.

6. ஆங்கிலப் பக்கத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன்தான் வேண்டும் என்பதில்லை. அந்த எழுத்து பிறந்ததே இடம் மிச்சம் பிடிக்க. லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழின் அச்சு பழசாகிவிட்டது என்று ஸ்டான்லி மோரிசன் குறைசொல்ல, புதிய எழுத்தைச் செய்யும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். விக்டர் லார்டென்ட் வரைந்தார். 1932 அக்டோபர் 3-ஆம் தேதி இதழிலிருந்து அது ஓடியது. நாளிதழின் ஒடுங்கிய பத்திக்குள் நிறையச் சொல் அடங்கவேண்டும் என்பதால் உடல் ஒடுங்கல், ஆனால் கண் தெளிவு. அந்த நாளிதழே 1972-ல் அதை விட்டுவிட்டது. நம்மிடம் தங்கிப்போனதற்குக் காரணம் கம்ப்யூட்டர்: 2007-க்கு முன் வந்த வேர்டு மென்பொருளைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். விண்ணப்பம், மனு, புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு இன்றும் அதை மிஞ்ச ஆள் இல்லை. பார்த்ததும் அலுவலகக் களை வந்துவிடும். கல்யாண அட்டையில் நமக்கு இடப் பஞ்சம் இல்லையே! அங்கே கேரமாண்ட் அல்லது பாஸ்கர்வில் கேளுங்கள். இரண்டுக்கும் இலவச வடிவங்கள் இருக்கின்றன. கேரமாண்ட் 16-ஆம் நூற்றாண்டுப் பாரிசின் மென்மை. பாஸ்கர்வில் 18-ஆம் நூற்றாண்டு பர்மிங்காம். தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் கூடுதல், நல்ல வழுவழுப்பான தாளில்தான் எடுபடும்.

7. தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வந்தால் ஜோடி பாருங்கள். தடிப்பு மெலிவு உள்ள தமிழோடு கால் உள்ள ஆங்கிலம், ஒரே கனத் தமிழோடு கால் இல்லாத ஆங்கிலம். இரண்டும் 12 புள்ளி என்று கொடுத்தாலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. லதா எழுத்து டைம்ஸ் பக்கத்தில் பெரிதாக நிற்கும். விஜயா அதே அளவில் சிறுத்துத் தெரியும். எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்து ஒன்றை இரண்டு புள்ளி ஏற்றியோ இறக்கியோ சமப்படுத்தச் சொல்லுங்கள்.

8. காசு கொடுக்காமல் கிடைக்கிற நல்ல எழுத்துகள். புத்தக எழுத்துக் களை வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டும் தைரியமாகக் கேட்கலாம். நோட்டோவில் மெலிவு முதல் கனம் வரை பல படிகள் உண்டு. பலகைக்கும் போனுக்கும் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட மருதம் போன்ற எழுத்துகள் அரசு அலுவலகத் தாள்களில் பழகியவை. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு முத்து நெடுமாறன் வரைந்த இணைமதி உள்ளேயே இருக்கும்.

9. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டாதீர்கள். ஆங்கிலத் தலைப்பை விரித்துப் போட்டால் அழகு. தமிழில் அதே வேலையைச் செய்தால் 'கொ' என்பது கொம்பு தனி, 'க' தனி, கால் தனி என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். வரி நீளம் சரிசெய்ய வேண்டுமானால் சொல்லுக்குச் சொல் இடம் விடலாம்.

10. தமிழைச் சாய்க்கவேண்டாம். மேற்கோளுக்கு ஆங்கிலத்தில் சாய்வெழுத்து போடுவார்கள். அதற்கென்றே தனியாக வரைந்த எழுத்து அது. பெரும்பாலான தமிழ் எழுத்துகளுக்கு அப்படித் தனி வடிவம் கிடையாது. பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும், அவ்வளவுதான். டிரோ தமிழ் போல முறையாக வரைந்த சாய்வு உள்ளவை விதிவிலக்கு. மற்றபடி தடிமனோ நிறமோ போதும்.

11. இரண்டு ஓரமும் நேராக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நம் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் நடுவே வெள்ளை ஓட்டைகள் விழும். இடது ஓரம் மட்டும் நேராக விடுங்கள், அல்லது பத்திரிகைக்கு நடுவில் நிறுத்துங்கள். சொல்லை உடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்த விதி. மென்பொருளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

12. சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு. பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரையில் எமனேஸ்வரத்திலும் தறிச்சத்தம் கேட்கிற தெருக்களில் பத்திரிகையில் ஒரு வரியாவது தாய்மொழியில் போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இரண்டு வழி. தமிழ் எழுத்திலேயே எழுதி, க², க³, க⁴ என்று மேலெண் போட்டு ஒலியைக் காட்டுவது ஒன்று. இதில் கவனிக்க வேண்டியது மேலெண்ணின் அளவு: தடிப்பு மெலிவு எழுத்தில் அது கொசுக்கடி போலச் சிறுத்துப்போகும், ஃபாயிலில் காணாமலே போகும். எழுத்தை ஒரு புள்ளி ஏற்றி, மேலெண்ணைத் தடிமனாக்குங்கள். இன்னொரு வழி சௌராஷ்டிர எழுத்தையே போடுவது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி. எம். ராமராய் முயற்சியால் அச்சேறிய அந்த எழுத்துகள் 2008-ல் யூனிகோடில் இடம் பெற்றுவிட்டன. நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா என்று தேடினால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடைக்காரருக்கு அந்த எழுத்து தெரியாது என்பதால், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை ப்ரூஃப் பார்க்கப் பக்கத்தில் உட்காரவைப்பது அவசியம்.

13. எழுத்தைப் பரீட்சை செய்ய ஒரு சொல் வரிசை. கடைக்காரர் காட்டுகிற மாதிரியை நம்பாமல் இதை அடிக்கச் சொல்லுங்கள்: ஸ்ரீ, ஔவை, லக்ஷ்மி, ஹரிணி, அஃது, றூ, ணூ, ஞூ. 'ஸ்ரீ' பல எழுத்துகளில் 'ஸ்' தனி, 'ரீ' தனியாக உடையும். யூனிகோடில் அதை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்று உடைந்தால் இன்னொன்றை முயலச் சொல்லுங்கள். 'ஔ' வருகிற இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தை ஒட்டவைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

14. ப்ரூஃபைப் போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். போனில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறோம். அட்டையைப் பெரிதாக்க முடியாது. அசல் அளவில் சாதாரணத் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிற ஒருவரிடம் கொடுங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் பிழை சிக்கும். மேலிருந்து படித்தால் மனசு தானாகவே சரியாகப் படித்துக்கொண்டு போய்விடும். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, தலைப்பெழுத்து சரியா, 'ன', 'ண' மாறியிருக்கிறதா என்று பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை.

15. வீட்டில் அடித்த தமிழ் கடையில் கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்திருப்பார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எழுதியது அழிந்துவிடவில்லை, யூனிகோடுக்கு மாற்றுகிற இலவசக் கருவிகள் இருக்கின்றன. இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். கடைக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் படமாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். முதலில் தேய்வது மெல்லிய கோடுகள்தான்.

16. கோர்ட், ஆபீஸ் தாள்களுக்கு அழகு பார்க்காதீர்கள், விதியைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் கேட்பது: ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் அச்சு, டைம்ஸ் நியூ ரோமன் 14 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. ஓரம். மேற்கோள் மட்டும் 12 புள்ளி. உள்ளூர் நீதிமன்றத்துக்கு என்ன வழக்கம் என்று வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டுவிடுங்கள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு கொடுப்பவர்கள், தமிழில் 13, 14 புள்ளியில் ஒரே பக்கத்தில் முடியுங்கள். அந்தத் தாளைப் பிரிவு பிரிவாக ஜெராக்ஸ் எடுப்பார்கள். நகலின் நகலில் மெல்லிய கோடுகள் அற்றுப்போகும் என்பதால் இங்கே கனம் குறைந்த எழுத்து வேண்டாம்.

17. மொய் ரசீது, கடை பில். வெப்பத்தில் அச்சாகும் சின்ன மிஷின்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் போடும். அதில் மெல்லிய கோடு படிக்கட்டாக உடையும். ஒரே கனத் தமிழ்தான் அதற்கு. அந்தத் தாள் வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் வெளுத்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். மொய்க் கணக்கைப் பழையபடி நோட்டிலும் எழுதிவையுங்கள், திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு ஆயிற்றே.

18. தாம்பூலப் பை, மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கியதிலிருந்து துணிப்பையில் பெயர் அடிப்பது கூடியிருக்கிறது. முரட்டுத் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது மை நெசவுக்குள் இறங்கிப் பரவும். மெல்லிய கோடு துண்டு துண்டாகும், 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல், தடித்து, சுழிகள் அகலமாகத் திறந்து இருக்கட்டும். தங்க ஃபாயிலும் அப்படியே: மெரூன் அட்டையில் பொன்னிறத்தில் பொடி எழுத்து பார்க்கப் பணக்காரத்தனம், படிக்கச் சனியன். ஃபாயிலைப் பிள்ளையாருக்கும் மணமக்கள் பெயருக்கும் வைத்துக்கொண்டு மற்றதைச் சாதாரண மையில் விடுங்கள்.

19. சேலையில் பெயர் நெய்யச் சொல்வதானால் ஜக்கார்டு அட்டையின் கட்டம்தான் எழுத்து. வளைவும் அங்கே படிக்கட்டாகத்தான் ஏறும். சதுரமான, கனமான எழுத்தைக் கட்டத் தாளில் வரைந்து காட்டி, நெசவாளர் சரி என்ற பிறகு சொல்லுங்கள். முழுப் பெயருக்குப் பதில் தலைப்பெழுத்து இரண்டு போதும். முந்தியில் அதற்கு மேல் போனால் விளம்பரம் மாதிரி இருக்கும்.

20. வாசல் பெயர்ப்பலகை. கருங்கல்லில் வெட்டும்போது மெல்லிய கோட்டில் ஊற்றிய பெயின்ட் இரண்டு மழைக்குள் உதிரும். ஸ்டீல் எழுத்து ஒட்டுவதானால் கவலை புள்ளியைப் பற்றி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரே துண்டு; தமிழில் ஒவ்வொரு மெய்யின் புள்ளியும் தனித் துண்டு, தனிப் பசை, முதலில் விழுவதும் அதுதான். 'அன்பு இல்லம்' என்பதில் மூன்று புள்ளி. அவை போனால் வீட்டுப் பெயர் என்ன ஆகும் என்று உரக்கப் படித்துப் பாருங்கள்! புள்ளிக்குப் பின்னால் சின்ன ஆணி வைத்துத் துளைக்குள் இறக்கச் சொன்னால் நிற்கும். மண்டபம், ராமேஸ்வரம், தேவிபட்டினம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றுக்கு 304 ரக ஸ்டீல் துருப்புள்ளி காட்டும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேளுங்கள், விலை கூட.

21. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்ட கடைக்காரரின் கையெழுத்தே சிறந்த ஃபாண்ட். அதிர்கிற ஊசி வைக்கிற புள்ளி வரிசையில் தடிப்பு மெலிவு வராது. 'சீர்வரிசை', ஊர்ப்பெயர், தேதி எல்லாம் வேண்டாம். தலைப்பெழுத்தும் பெயரும் போதும். அடிப்பாகத்தில் வெட்டாமல் விளிம்புக்குக் கீழே வெட்டினால் பந்தி முடிந்து பாத்திரம் பிரிக்கும்போது கவிழ்த்துப் பார்க்கவேண்டாம்.

22. வீட்டில் மிளகாய்ப்பொடி அரைத்து விற்பவர்களுக்கு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பாக்கெட் போடும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். லேபிளில் கவனம் மூன்று. பொட்டலச் சட்ட விதிப்படி எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இடம் போதவில்லை என்று எழுத்தை நெருக்கி ஒல்லியாக்கினால் அந்த விதி இடிக்கும். எண்ணின் உயரத்துக்கும் எடைக்கு ஏற்ற அளவு விதித்திருக்கிறார்கள், அச்சடிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 14 இலக்க உணவு உரிம எண்ணில் 3, 8 இரண்டும் குழம்பாத எழுத்தாக இருக்கட்டும். கண்ணாடிக் கவரில் நேராகச் சிவப்பில் அச்சடித்தால் பொடி நிரப்பியதும் எழுத்து மறைந்துபோகும். பின்னால் வெள்ளைப் பட்டை அவசியம். மூட்டையில் அச்சுத் தகடு வைத்துப் பெயர் எழுதுவதானால், 'க', 'ச', 'த' எழுத்துகளின் மூடிய கட்டம் உள்ளே விழுந்துவிடாமல் தகட்டில் சின்னப் பாலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

23. திருவிழா நோட்டீஸ், சுவரொட்டி, ஃபிளெக்ஸ். பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். தமிழுக்கு ஒன்றரை வையுங்கள், சுழி அதிகம். பரமக்குடியில் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகராக வைகையில் இறங்குகிற சித்திரைத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர் ஜனம் முழுக்க வரும். நடந்துகொண்டே படிக்கிற கூட்டத்துக்குத் தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒரே கன எழுத்தில் பெரிதாகப் போடுங்கள். உபயதாரர் படங்கள் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் எழுத்து என்று ஆகிவிட்டது, அதையாவது தலைகீழாக்குங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு மட்டும் நான் பழைய அச்சகத்து எழுத்தையே கேட்பேன். அலங்காரமும் நிழலும் சாய்வும் அங்கே பொருந்தாது. அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த இடம் என்பது தனி வரியில் இருக்கட்டும்.

24. பழைய புத்தகம், குடும்பத் தாள்கள் படிக்கும்போது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிப்பதற்கு முன் அச்சானவற்றில் 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தனிக் கொம்பு இல்லாமல் தலையோடு ஒட்டிய துதிக்கை. ணா, றா, னா மூன்றும், அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளும் கால் வாங்காமல் கீழே சுழித்திருக்கும். பெரியார் 1935-லிருந்தே 'குடி அரசு' இதழில் புதிய வடிவத்தை அச்சிட்டார் என்பதால் ஆணைக்கு முந்தைய தாள்களிலும் இரண்டு வடிவமும் கலந்தே கிடைக்கும். தாத்தா காலத்து நூலையோ விற்பனைத் தாளையோ மறுபடி டைப் அடிக்கக் கொடுத்தால் இந்த 13-ஐயும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். போன் கேமரா வைத்து எழுத்தைப் படிக்கிற செயலிகளும் இங்கேதான் தடுமாறும்.

25. குழந்தைகளுக்குச் சுவரில் ஒட்டும் அட்டை ஒரே கன எழுத்தாக இருக்கட்டும். சிலேட்டில் குச்சி போடுவது அந்தக் கோட்டைத்தான். 'ர' என்பதும் துணைக்காலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளைத் தவிருங்கள். 'ர'வுக்குக் கீழே சாய்ந்த கோடு தெளிவாக இருக்கவேண்டும். 'எ', 'ஏ' இரண்டுக்கும் வித்தியாசமான அந்தச் சின்னக் கீழ்க்கோடும் கண்ணில் படவேண்டும். படிக்கப் பழகிய பிறகு கதைப்புத்தகத்துக்குத் தடிப்பு மெலிவு எழுத்து வரலாம், 16 புள்ளிக்குக் குறையாமல்.

26. வேலை முடிந்ததும் கடையிலிருந்து இரண்டு கோப்பு வாங்கி வையுங்கள்: அச்சுக்குப் போன பிடிஎஃப், திருத்தக்கூடிய மூலக் கோப்பு. கோப்பின் பெயரிலேயே ஃபாண்டின் பெயர், அளவு, அட்டையின் நிறத்தைச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்கோ பேரன் காதுகுத்துக்கோ "போன தடவை மாதிரியே" என்று கேட்கும்போது கடை மாறியிருக்கலாம், அந்தத் தம்பி திருப்பூருக்குப் போயிருக்கலாம். கோப்பு இருந்தால் பெயரும் தேதியும் மாற்றினால் போதும்.